ஊர் ஊராகப் போன நாடகம்... ஒரே இரவில் எழுதிய வாத்தியார்! - சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? செஞ்சிக்கோட்டை பார்க்கக் கிளம்புகிற பலரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஏரியை ஒட்டினாற்போல ஒரு சின்னக் குன்று. அதன் மேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். உள்ளே ஒரு சிறிய சந்நிதியின் சுவரில் பழைய ஓவியம் ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றியபடி, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு உமையம்மை நிற்கிறாள். சிவன் ஆடுகிற ஆட்டத்தைத்தான் பார்க்கிறாள். ஆனால், ஆடுகிற சிவன் இருந்த சுவரில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. ஆடியவர் மறைந்துவிட்டார். பார்த்தவள் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

மேடைக்கலை எல்லாவற்றுக்கும் இதுதான் தலையெழுத்து. விடிந்தால் வேஷம் கலைந்துவிடும். பாட்டும் ஆட்டமும் பார்த்தவர் மனசில் இருக்கிறவரைக்கும்தான். பனமலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சி வட்டாரம் தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து ஆடுவார்கள், கடைசியில் படுகளம். அது முடிந்ததும் கூத்து ஜமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். வாத்தியார் வாயிலிருந்து மாணவர் காதுக்கு... அப்படித்தான் கூத்து தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் தென்பகுதியில் வளர்ந்த இசை நாடகத்துக்கு வேறொரு வழி கிடைத்தது. அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து பாட்டு, வசனம், காட்சி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். எழுதியதைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய புதுச்சேரியில், ஒரு நாடக முகாமிலேயே உயிரை விட்டார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். 2019-ல் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தபோது பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணிக்கு வைத்தார்களே ஒரு பெயர், அந்தப் பெயருக்கு உரியவர்!

உப்புக் கணக்கு எழுதிய கை

1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரன் நன்றாகப் படித்தவர்; ராமாயணத்தில் அவருக்கு இருந்த புலமையைப் பார்த்து ஊர்க்காரர்கள் ராமாயணப் புலவர் என்றே அழைத்தார்கள். பையனுக்குத் தமிழ் வீட்டிலேயே வந்துவிட்டது. பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். அங்கே அவருடன் படித்தவர், பின்னாளில் நாடகப் பாட்டுகளுக்குப் பேர்பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயர்.

வெண்பா எழுதுகிற கைக்கு வேலை என்னவோ உப்புப் பண்டகசாலையில்தான் கிடைத்தது. தூத்துக்குடியில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினார். உப்பு மூட்டைகளை எண்ணிக் குறிப்பது பாதுகாப்பான உத்தியோகம். அதை விட்டுவிட்டு 24 வயதில், 1891-ல், நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கௌரவமான குடும்பத்துப் பையன் கூத்தாடிகளோடு சேருகிறான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நடித்தார்கள். வருமானத்துக்கு அவர்கள் நாடகத்தை நம்பவில்லை. சங்கரதாஸ் போய்ச் சேர்ந்த உலகமோ நாடகத்தை நம்பியே சோறு சாப்பிட்ட உலகம். இன்றைக்குக் கொட்டகை நிறையவில்லை என்றால் நாளைக்கு அடுப்பு எரியாது.

எமனைக் கண்டு நடுங்கிய ஊர்

முதலில் சேர்ந்தது ராமுடு ஐயர், கல்யாணராமய்யர் ஆகியோரின் கம்பெனி. ஆள் நல்ல ஆகிருதி. கணீர் என்ற குரல். அதனால் எமன், சனீஸ்வரன், ராவணன், இரணியன் போன்ற பயங்கர வேடங்கள் அவரைத் தேடி வந்தன. வந்த வேடத்தை ஒப்புக்குச் செய்கிற ஆள் அவர் இல்லை.

மேடை உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிற இரண்டு கதைகள் உண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக ஆடி முடித்துவிட்டு, விடியற்காலை இருட்டில் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போயிருக்கிறார். கறுப்புப் பூச்சோடு எதிரே வந்த உருவத்தைப் பார்த்த ஒரு பெண் பயத்திலேயே விழுந்துவிட்டாள் என்பது ஒன்று. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் பாசக்கயிற்றோடு எமன் பாய்ந்து வந்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனது என்பது இன்னொன்று.

வேறு நடிகராக இருந்தால் இதையே விளம்பரமாக்கி, அடுத்த ஊரில் டிக்கெட் விலையை ஏற்றியிருப்பார். சங்கரதாஸோ வேஷம் போடுவதையே குறைத்துக்கொண்டு ஒதுங்கினார். அதன்பின் சாமி நாயுடு கம்பெனியில் ஆசிரியராக இருந்தார். மேடையேறினாலும் சூத்திரதாரியாக வந்து கதையை நடத்திக்கொடுத்தார்.

ஒரு கட்டத்தில் அதுவும் போதும் என்று தோன்றியிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காவி உடுத்தி, கோயில் கோயிலாக யாத்திரை போனார். சங்கரதாஸ் என்ற பெயரோடு சுவாமிகள் என்பது ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

அந்த யாத்திரையிலிருந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு இசைக் கலைஞர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, சுவாமிகளைத் தன் மகனைப்போலவே சேர்த்துக்கொண்டார். அவரிடம் தாள நுட்பங்களைக் கற்றார் சுவாமிகள். தமிழ் கையில் இருந்தது. இப்போது லயமும் சேர்ந்தது. மறுபடியும் நாடகத்துக்குத் திரும்பினார். இந்த முறை வாத்தியாராக!

கொட்டகையோடு கிளம்பும் ஊர்வலம்

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் சுவாமிகள் செய்ததன் அருமை புரியும்.

முதலில் ஏஜென்ட் கிளம்புவார். ஊரில் இடம் பிடித்து, அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, கொட்டகைக்கு ஏற்பாடு செய்வார். 1876-லேயே நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்துவிட்டதால், போலீஸைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அடுத்து மூட்டை முடிச்சுகள் போகும். அரண்மனை, காடு, தெரு என்று வரைந்து சுருட்டிய படுதாக்கள், நகைப் பெட்டி, உடைப் பெட்டி, கால் ஹார்மோனியம், சமையல் பாத்திரங்கள்... ரயில் இருக்கிற ஊர் என்றால் ரயில். இல்லாத ஊருக்கு மாட்டு வண்டி. அப்புறம் மாட்டு வண்டியில் மேளம் கொட்டிக்கொண்டு நோட்டீஸ் போடுவார்கள். கூட்டம் வருகிறவரை அந்த ஊரில் முகாம். வசூல் குறைய ஆரம்பித்தால் அடுத்த ஊர்.

இதே காலத்தில் இன்னொரு கூட்டமும் இதேபோல ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியிருந்தது. அதுதான் சர்க்கஸ். 1880-ல் மகாராஷ்டிரத்தின் குதிரைப் பயிற்சியாளர் விஷ்ணுபந்த் சத்ரே, கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கினார். அந்த சர்க்கஸ் தலச்சேரி பக்கம் வந்தபோது, களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனுக்கு அதில் ஆர்வம் வந்தது. 1901-ல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பள்ளியையே நிறுவினார்.

சர்க்கஸுக்கும் நாடகக் கம்பெனிக்கும் பல விஷயங்கள் பொது. இரண்டுக்கும் மைதானம் வேண்டும், கூடாரம் வேண்டும், சின்ன வயதிலேயே பழக்கிய பிள்ளைகள் வேண்டும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பார் விளையாட்டுக்காரர் கம்பெனியை விட்டுப் போனால் அவருடைய வித்தையும் கூடவே போய்விடும். அதை எழுதிவைக்க முடியாது. நாடகத்தை எழுதிவைக்கலாம். ஆனால், அதுவரை முழுசாக எழுதிவைத்து ஆடுகிற வழக்கம் கம்பெனிகளில் வேரூன்றவில்லை.

பாட்டுகளுக்கு ஏடு இருந்தது. வசனம் மட்டும் நடிகர் வாய்க்கு வந்தபடிதான். ராஜபார்ட் நடிகருக்கு அன்றைக்கு மனநிலை நன்றாக இருந்தால் ஒரு காட்சி ஒரு மணி நேரம் ஓடும்; இல்லை என்றால் பத்து நிமிஷம். எதிரே நிற்பவரை மடக்குவதற்காகக் கதையில் இல்லாத கேள்வியைக் கேட்பார்கள். கைதட்டலுக்காக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். நல்ல நடிகர் கிடைத்தால் அது விருந்து. மோசமான நடிகர் என்றால் ராத்திரி முழுக்கத் தண்டனை.

சுவாமிகள் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். வெண்பா, விருத்தம், கலித்துறை, சிந்து, கும்மி, கீர்த்தனை என்று இடத்துக்கு ஏற்ற பா வகை. பார்சி கம்பெனிகள் கொண்டுவந்து ஜனங்கள் வாயில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளுக்கும் தமிழ்ச் சொற்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யார் என்ன பேச வேண்டும் என்ற வசனம். புராணம் தெரிந்த பாமரருக்கும் புரிய வேண்டும், தமிழ் படித்த பண்டிதரும் குறை சொல்லக் கூடாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, நல்லதங்காள், சிறுத்தொண்டர், பிரகலாதன், லவகுசா என்று நாற்பது நாடகங்கள் அளவுக்கு எழுதினார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

பெரியவர்கள் வேண்டாம், பையன்கள் வரட்டும்!

நாடகத்தை எழுதிக்கொடுத்தாகிவிட்டது. எழுதியபடி நடிக்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேஸ்வரய்யர், பி.எஸ்.வேலு நாயர் என்று பல கம்பெனிகளில் சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். பேரும் புகழும் வந்துவிட்ட நடிகர்கள் வாத்தியாரின் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. ஒத்திகைக்கு வர மாட்டார்கள். குடித்துவிட்டு மேடையேறுவார்கள். சம்பளத் தகராறு என்றால் நாடகத்தன்றைக்குக் காணாமல்போவார்கள். ஒருவர் இல்லை என்றால் டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது?

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற பெயரில் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அங்கே சிறுவனாகப் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் தன் குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பா.

பிறகு 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. சுவாமிகள்தான் ஆசிரியர். முழுக்க முழுக்கச் சிறுவர்கள். அந்த சபைக்கு, பெண் வேடத்துக்குப் பேர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்களை அழைத்துக்கொண்டு வந்தார். சங்கரன், முத்துசாமி, ஷண்முகம். இவர்களோடு கடைசித் தம்பி பகவதியும் பின்னால் சேர்ந்துகொள்ள, தமிழ் நாடகம் இன்றும் மறக்காத டி.கே.எஸ். சகோதரர்கள் ஆனார்கள். சபையில் சேர்ந்தபோது ஷண்முகத்துக்கு வயது ஆறுதான்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வீடு, வேலை எல்லாமே கம்பெனிதான். காலையில் பாட்டுச் சாதகம், பகலில் பாடம், ராத்திரி நாடகம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சுவாமிகள் வாயாலேயே சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தார். உச்சரிப்பில் லகரம் ளகரம் பிசகினால் விட மாட்டார். கம்பெனியில் வளர்ந்த பையன்கள் சினிமாவுக்குப் போன பிறகும் தமிழைத் தெளிவாகப் பேசினார்கள் என்றால், அதற்கு அஸ்திவாரம் இந்த மாதிரிப் பயிற்சிதான்.

ஓர் இரவு, ஒரு நாடகம்

சுவாமிகளின் எழுத்து வேகத்துக்கு மேடை உலகம் இன்றும் சொல்லும் உதாரணம் ‘அபிமன்யு சுந்தரி’.

சிறுவன் ஷண்முகத்தின் நடிப்பைப் பார்த்த சுவாமிகளுக்கு, இந்தப் பையனுக்கென்றே ஒரு கதாநாயகன் வேடம் எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பாரதத்தில் சின்ன வயது வீரன் என்றால் அபிமன்யுதானே? ஒரு ராத்திரி உட்கார்ந்தார். பாட்டு, வசனம், காட்சி எல்லாம் சேர்த்து, விடிவதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. பெரியவர்கள் நடித்துப் பழகிய வேடத்தைச் சுருக்கிச் சிறுவனுக்குப் போட்ட சட்டையாக அது இல்லை. ஆரம்பத்திலிருந்தே சிறுவனின் அளவெடுத்துத் தைத்தது.

ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்கு இந்த வேகம் சோறு போடுகிற விஷயம். ஒரே ஊரில் பல நாள் முகாம் என்றால் தினமும் அதே நாடகத்தைப் போட முடியாது. புதிது வேண்டும். அதுவும் கையில் இருக்கிற படுதாக்களுக்குள், கையில் இருக்கிற பிள்ளைகளின் குரலுக்குள் அடங்க வேண்டும். யாருக்கு மேல் ஸ்தாயி எட்டும், யாருக்கு வசனம் நன்றாக வரும், யாரைப் பார்த்தால் கூட்டம் சிரிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு எழுதினார் சுவாமிகள்.

மதுரைக்காரர்களைச் சமாளித்த சாமர்த்தியம்

கூட்டத்தைச் சமாளிக்கவும் அவருக்குத் தெரியும். கோவலன் நாடகம் மதுரையில் நடந்தபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். கோவலன் மதுரைக்குக் கிளம்பும்போது கண்ணகி தடுத்துப் பாடுகிற பாட்டில், மதுரை மாபாவிகள் வாழுகிற ஊர் என்று அர்த்தம் வருகிற இடம் உண்டு. மதுரையில் உட்கார்ந்துகொண்டு மதுரைக்காரர்களையே திட்டினால் விடுவார்களா? கூட்டம் எழுந்துவிட்டது. சத்தம், ரகளை.

சுவாமிகள் மேடைக்கு வந்தார். அந்த ஒரு சொல்லை நிதானமாக மூன்றாகப் பிரித்தார். மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள். மூன்று தேவியரும் சேர்ந்து வாழும் ஊர் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று விளக்கம் சொன்னாராம். எழுந்த கூட்டம் கைதட்டிவிட்டு உட்கார்ந்தது. எழுதும்போதே அப்படி நினைத்தாரா, மேடையேறும் படிக்கட்டில் யோசித்தாரா என்பது அவருக்கும் தமிழுக்கும்தான் வெளிச்சம்!

குரல் உடைந்தால் என்ன ஆகும்?

பாய்ஸ் கம்பெனிகளின் பெருமையைப் பேசுகிறவர்கள் சௌகரியமாகக் கடந்துபோகிற ஒரு விஷயம் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய பையனுக்கு, இன்றைக்கு வாயைத் திறந்தால் கரகரப்பு. பாட்டையே நம்பியிருந்த நாடகத்தில் அவனுக்கு என்ன இடம்? கதாநாயகன் வேடம் கை மாறும். சிலருக்குக் குரல் திரும்பி வரும். சிலருக்கு வரவே வராது. படிப்பும் இல்லாமல், வேறு தொழிலும் தெரியாமல், வீட்டைவிட்டு வந்து பல வருஷமான பிள்ளை எங்கே போவான்?

அடி, கண்டிப்பு, தூக்கமில்லாத ராத்திரிகள் என்று கம்பெனி வாழ்க்கையின் கஷ்டங்களை அங்கே வளர்ந்த பலரும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் அது குழந்தைத் தொழில்தான். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல். நாடகக் கம்பெனிகள் அந்தச் சட்டத்தைச் சந்திக்கவே இல்லை. சினிமா வந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

சுவாமிகள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. வறுமையில் இருந்த குடும்பங்களுக்கு, பிள்ளை மூன்று வேளை சாப்பிட்டு ஒரு கலையும் கற்றுக்கொள்கிறான் என்பதே பெரிய ஆறுதல். ஆனால், சொன்னபடி கேட்கிற நடிகர் வேண்டும் என்ற வாத்தியாரின் தேவைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். கிட்டப்பாவையும் ஷண்முகத்தையும் கொண்டாடுகிற அதே மூச்சில், குரல் திரும்பி வராத பெயர் தெரியாத பையன்களையும் நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

புதுச்சேரி முகாம்

1921-ல் கம்பெனி சென்னையில் இருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. அதைவிடக் கொடுமை, பேச்சு நின்றுபோனது. நாற்பது நாடகத்தின் வசனங்களையும் வாயால் சொல்லிக்கொடுத்த மனிதரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அப்போதும் கம்பெனியை விட்டு அவர் பிரியவில்லை. போவதற்கு அவருக்கு வேறு வீடு ஏது? மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, சொத்து இல்லை. பேச்சில்லாத வாத்தியாரையும் கூட்டிக்கொண்டே கம்பெனி ஊர் மாறியது. ஒவ்வொரு ராத்திரியும் அவர் எழுதிய வசனத்தை அவர் வளர்த்த பிள்ளைகள் பேசினார்கள்.

1922 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு. கம்பெனி அப்போது புதுச்சேரியில் முகாமிட்டிருந்தது. அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 55. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

எந்த ஊர் நாரதர்? எந்த ஊர் வள்ளி?

வாத்தியார் போன பிறகு கம்பெனி என்ன ஆகும்? டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தமாக ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். மற்ற பிள்ளைகளும் வளர்ந்து, பல திசைகளில் பிரிந்தார்கள். 1926-ல் இலங்கையில் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்து மேடையேறினார்கள். நாடகம், வள்ளி திருமணம். மேடையில் ஓடிக்கொண்டிருந்த வள்ளி திருமணம் 1933-லும், பவளக்கொடி 1934-லும் படமாக வந்தன. பவளக்கொடிதான் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு முதல் படம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. அதை நேரில் பார்க்க, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். அதில் நடிப்பவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஹார்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். சில பேர் முன்பின் சேர்ந்து நடித்ததே இருக்காது. ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. வேஷம் போட்டுக்கொண்டே நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிகிறவரை நாடகம் ஓடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து நடிக்கிற மேடை அது.

எப்படி முடிகிறது? எல்லோர் மனசிலும் ஒரே புத்தகம் இருக்கிறது. சுவாமிகள் எழுதிய நாடகம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்த வசனம், யார் எப்போது உள்ளே வர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த எலும்புக்கூடு உறுதியாக இருப்பதால்தான், அதன் மேல் நாரதரும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்ய முடிகிறது. பபூன் அன்றைய செய்தித்தாள் சமாசாரத்தையெல்லாம் இழுத்து வந்து சிரிக்கவைக்க முடிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசுவதைத் தடுக்கத்தான் சுவாமிகள் வசனம் எழுதினார், பையன்களைப் பழக்கினார். நூறு வருஷம் கழித்து, அவருடைய எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள். சுவாமிகள் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார். ஆனால், கம்பெனி முதலாளி இல்லாமல், யாருக்கும் கைகட்டி நிற்காமல், திருவிழாக் காலத்து வருமானத்தை வைத்து அந்தக் கலைஞர்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்றால், அதற்கும் அவருடைய எழுத்துதான் ஆதாரம். கம்பெனிகள் அழிந்தன, கொட்டகைகள் சினிமா தியேட்டர்கள் ஆயின. நாடகம் மட்டும் ஆட்களின் மனப்பாடத்தில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் ஒவ்வொரு நவம்பரிலும் நாடகக் கலைஞர்கள் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள். புதுச்சேரி சமாதிக்கும் போகிறார்கள். அங்கே வருகிறவர்களில் அவரை நேரில் பார்த்தவர் ஒருவரும் இருக்க முடியாது. இருந்தாலும், வாத்தியார் என்றுதான் உரிமையோடு சொல்வார்கள்.

அடுத்த முறை ஏதாவது திருவிழாவில் வள்ளி திருமணம் பார்க்க வாய்த்தால் பாதியில் எழுந்து வராதீர்கள். விடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, வேஷம் கலைக்கிற இடத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று. நாரதர் ஒரு ஊரைச் சொல்வார். வள்ளி ஒரு ஊரைச் சொல்வார். வாத்தியார் யார் என்று கேட்டால் மட்டும், ரெண்டு பேரிடமிருந்தும் ஒரே பெயர்தான் வரும்.